சொந்த உதாரணம் தருக

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அகிலாண்டம் நழுவப் பார்த்தாள்.

"எட்டாவதோட நின்னவகிட்ட வந்து கேக்குறியே. உங்க டீச்சரையே கேட்டுக்கக் கூடாதா?"

"டீச்சருக்கு நம்ம வீட்டுக் கதை தெரியுமாம்மா?" என்றாள் மகள் வானதி. பிளஸ் ஒன் படிக்கிறாள்.

இங்கிலீஷ் பாடத்தில் ஒரு நாவல். இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும் பையன்களின் கதை. அதற்கு முன்னால் எட்டுச் சொற்களுக்குப் பொருள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தெரிந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் தர வேண்டுமாம்.

வானதி வெளியே தேட வேண்டியதில்லை. அண்ணன் பரிதியின் கதை இருந்தது.

"முதல் வார்த்தை, முரண். மதகடியில கூடுற அண்ணன் கோஷ்டிக்கும் செல்போன் டவரடியில கூடுற பசங்களுக்கும் சண்டை எதுலம்மா ஆரம்பிச்சுது?"

"கபடி பேனர்ல. டவர் பசங்கதான் அதை அச்சடிச்சாங்க. எதிர்வீட்டு சூர்யபிரகாஷ் மூஞ்சி அண்டா கணக்கா இருந்துச்சு. உங்கண்ணன் மூஞ்சி ஓரத்துல தபால்தலை மாதிரி."

"இதுக்கா அரிவாள் எடுத்தாங்க?"

"பதினேழு வயசுல மூஞ்சிதான்டி எல்லாம்."

வானதி சிரித்துக்கொண்டே எழுதினாள்.

"அடுத்தது, முன்னறிகுறி. பின்னாடி வரப்போறதை முன்னாடியே காட்டுற சின்ன விஷயம்."

அகிலாண்டம் கொஞ்சம் யோசித்தாள்.

"தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம். ரெண்டு தட்டு சோறு திங்கிறவன் வேணாம்னுட்டான். என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, மடியில படுத்துக்கிட்டு, தலையைக் கோதிவிடச் சொன்னான். அப்பவே எனக்கு…"

"அப்பவே உனக்கு?"

"ஒண்ணுமில்ல. மேல கேளு."

"திருப்புமுனை. இது எனக்கே தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் போலீஸ் வந்துது. நேரா நம்ம வைக்கோல் போருக்குப் போயி அண்ணன் ஒளிச்சு வெச்சிருந்த அரிவாளை உருவுனாங்க. அண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அதையும் எழுது. மறுநாள் தேர்ல ஒரு சண்டையும் இல்ல. எந்தப் புள்ள மேலயும் ஒரு கீறல் விழல. அதை விட்டுடாதே."

நாலு மாசம் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்த பரிதி, வாசலில் நின்றபடியே சொன்னான்: "காட்டிக்கொடுத்தது யாரா இருந்தாலும் சரி, செத்தாலும் அந்த மூஞ்சியில முழிக்க மாட்டேன்." அன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறி பனியன் கம்பெனிக்குப் போனவன், போனவன்தான். மூன்று தீபாவளிக்கும் அவனுக்கென்று எடுத்த சட்டைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்தன. இப்போது அவனுக்கு என்ன அளவோ, அகிலாண்டத்துக்குத் தெரியாது.

போன வாரம்தான் பேசினான். "இந்தத் தீபாவளிக்கு வர்றேம்மா. டிக்கெட் போட்டுட்டேன்."

அதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

"கடைசி வார்த்தை, துரோகம்" என்றாள் வானதி. "இது சுலபம். பூவம்மாள்னு போட்டுடவா?"

பூவம்மாள் எதிர்வீடு. சூர்யபிரகாஷின் அம்மா. போலீசுக்குத் தகவல் போனது அவளுடைய போனிலிருந்துதான் என்று ஒரு ஏட்டு டீக்கடையில் உளறிவிட்டார். தன் பிள்ளையைக் காப்பாற்ற அடுத்தவள் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவள் என்று ஊரே காறித் துப்பியது. நடவுக்குக்கூட அவளை யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

"அந்த ஒண்ணை மட்டும் சும்மா விட்டுடேன்" என்றாள் அகிலாண்டம்.

"மார்க் போயிடும்மா. ஏன் பண்ணுனாங்கன்னு ரெண்டு வரி வேற எழுதணும். இரு, நேராவே கேட்டுட்டு வந்துடுறேன்."

"ஏய், வானதி! வேணாம்டி!"

அதற்குள் அவள் ரோட்டில் இறங்கிவிட்டாள். அகிலாண்டம் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள்.

கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய நெல்லை ரோட்டில் பரப்பி, பூவம்மாள் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றாள் வானதி. முன்பெல்லாம் வாய் நிறைய அத்தை என்று கூப்பிட்டவள். "எங்கண்ணனை ஏன் போலீஸ்ல மாட்டிவிட்டீங்க? ஸ்கூலுக்கு எழுதணும்."

பூவம்மாளின் கால் நின்றது. பெண்ணைத் தாண்டி, மூச்சிரைக்க நின்ற அகிலாண்டத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"அண்ணன் தீபாவளிக்கு வர்றானாமே, நெசமா?"

"வருது. அதுக்கென்ன இப்ப?"

"வரட்டும் ஆயி. நல்லா இருக்கட்டும்." பூவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிக்க. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நான்தான் பண்ணுனேன்."

திரும்பவும் நெல்லுக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

"பாத்தியாம்மா? கூச்சமே இல்லாம சொல்லுது!"

அகிலாண்டம் திரும்பினாள். வீட்டு வாசலைப் பார்த்தாள். பரிதி வந்து நிற்கப் போகிற வாசல்.

"அதான் அவளே சொல்லிட்டாளே, பூவம்மாள்னே எழுது" என்று மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனாள், தேருக்கு முதல் நாள் கொல்லைப்புற வழியாக ஓடிப்போய் அதே பூவம்மாளின் போனை இரவல் வாங்கி, "எம்புள்ள வெட்டுறதுக்கு முன்னாடி வந்து பிடிச்சுக்கிட்டுப் போங்கய்யா" என்று போலீசிடம் அழுத அகிலாண்டம்.