இணைப்பு ஒன்று

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, காலையில் வீட்டில் நடந்ததை ஒரு நிமிஷம் பேசிக் காட்டச் சொன்னார் பேராசிரியர் அனந்தபத்மநாபன்.

இதற்கு முன் குரல் தேர்வுக்காக ருக்கு பார்த்துப் படித்த செய்தியில் ஒரு பிசிறுகூட இல்லை. அதுதான் வினையே.

இதழியல் வகுப்பில் இரண்டாம் வருஷத்துக்குப் போகிறவர்கள் பத்திரிகை, ரேடியோ, விளம்பரம் என்ற மூன்றில் ஒன்றை எடுத்தாக வேண்டும். விருப்பத்தைப் பாரத்தில் எழுதித் தரலாம். ஆனால் குரல் தேர்வில் தேறியவர்களைக் கல்லூரி ரேடியோ கொத்திக்கொண்டு போய்விடும். அங்கேதான் ஆள் போதவில்லை.

ருக்குவுக்குப் பத்திரிகை வேண்டும். போன கோடையில் மல்லேஸ்வரத்தில் அவர்கள் குறுக்குத்தெருவில் ஒன்பது நாள் தாண்டியும் குழாய் காய்ந்து கிடந்தது. அதை ஒரு வாரப் பத்திரிகைக்கு நாலே வரியில் எழுதிப் போட்டாள். பேர்கூடப் போடாமல் அச்சானது. மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. அன்றைக்குக் குடத்தில் விழுந்த சத்தம் அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை.

இதை அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அப்பா ஸ்ரீகண்டன், செக்ரடேரியட்டில் முப்பது வருஷம் ஃபைல் கட்டி ஓய்வு பெற்றவர். மகள் ரேடியோவில் பேசப்போகிறாள் என்று காபிப்பொடிக் கடையிலிருந்து கோயில் பிராகாரம் வரை தண்டோரா போட்டு முடித்திருந்தார். ஒரு மாசமாக வீட்டில் கன்னடம் கலக்காத சுத்தத் தமிழ்ச் சட்டம் வேறு. 'ஸ்வல்ப மோர்' என்று கேட்டால் மோர் வராது. 'கொஞ்சம்' என்று திருத்திச் சொன்னால்தான் கரண்டி சாயும்.

இப்போது அவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூடிய கோட்டு, மடியில் ஒரு கவர். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தை அவரே பூர்த்தி செய்து, அவளுக்குக்கூடக் காட்டாமல் கோந்து போட்டு ஒட்டியிருந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

கதவு பாதி திறந்திருந்தது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

ருக்கு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"காத்தால எழுந்து ஸ்வல்ப காபி குடிச்சேன் சார். ஆமேலே மார்க்கெட்டுக்குப் போய்த் தரகாரி வாங்கிண்டு வந்தேன். அம்மா ஹுளி பண்ணினா. பேகனே கிளம்பு, பஸ் போயிடும்னு அப்பா கத்தினார்."

அப்புறம் 'ஆமேலே' ஆனது, காய்கறி 'தரகாரி' ஆனது, சாம்பார் 'ஹுளி' ஆனது, சீக்கிரம் 'பேகனே' ஆனது. அவள் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் எப்படிப் பேசினார்களோ அப்படிப் பேசினாள், அவ்வளவுதான். நடிப்பெல்லாம் போன ஒரு மாசம்தான்.

பேராசிரியர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவருடைய புருவம் ஒரு படி மேலே ஏறியது. முடிந்ததும் நோட்டில் ஏதோ கிறுக்கினார்.

"ரேடியோவுக்கு ஆகாதும்மா. பாதிக்குப் பாதி கன்னடமான்னா இருக்கு!"

ருக்குவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே வெளியே பெஞ்ச் கிரீச்சிட்டது. வார்த்த பால் அங்கேயே திரிந்தது.

அப்பா உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல ஒதுங்கி நின்றார். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த மனுஷர். நாளைக்கு எந்த முகத்தோடு காபிப்பொடி வாங்கப் போவார்? ருக்கு தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, பெற்றவரையே கவிழ்த்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கவரைக் கிழித்த பேராசிரியர் பாரத்தைப் படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். பிறகு அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் போட்டிருந்த தேதி பத்து நாள் பழையது.

விருப்பப் பிரிவு என்ற இடத்தில், அப்பாவின் குண்டுக் கையெழுத்தில், 'பத்திரிகை' என்றிருந்தது.

அதற்கும் கீழே, முப்பது வருஷப் பழக்கம் விடாமல், 'இணைப்பு: ஒன்று' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்.

பாரத்தின் மூலையில் குண்டூசி குத்தி ஒரு துண்டுக் காகிதம் தொங்கியது. ஓரம் பழுத்த பத்திரிகைத் துணுக்கு. தண்ணீர் வராத ஒன்பது நாள், நாலே வரி.

அவள் எழுதியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் பாரத்தில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். இருவரும் வராந்தாவைத் தாண்டி, படி இறங்கி, மரநிழலுக்கு வந்தார்கள். அங்கே வந்ததும் ஸ்ரீகண்டன் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஒரு மாசத்து மூச்சை மொத்தமாக விட்டார்.

"அந்தத் துணுக்கு உன் நோட்டுல என் கண்ணில படறதுக்குள்ள ஊரெல்லாம் ரேடியோ ரேடியோன்னு சொல்லித் தொலைச்சாச்சு. காலேஜே உன்னை ரேடியோவுக்கு வேண்டாம்னு சொன்னாத்தாண்டி எனக்கு மானம் மிஞ்சும்," என்றார். அப்புறம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ எங்கே நன்னாப் பேசித் தொலைச்சுடுவியோன்னு ஸ்வல்ப பயந்தே போயிட்டேன்."