பூப்போட்ட மண்மூட்டைகள்

போர் முடிந்து முகாமுக்கு வந்த பெண்களுக்கு வெளிநாட்டு நிவாரண அமைப்பொன்று ஆளுக்கொரு பூப்போட்ட சேலை கொடுத்தது. மறுவாரம் அந்த அமைப்பின் அதிகாரி இங்கிரிட் வந்தபோது ஒருத்தியும் அதை உடுத்தியிருக்கவில்லை. புவனமலரின் கூடாரத்துக்குள் நுழைந்ததும் காரணம் தெரிந்தது. மூலையில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தது. அதைச் சுற்றி மண் நிரப்பிய பூப்போட்ட பைகள். போர் நடந்தபோது, பதுங்குகுழிக்கு அடுக்கச் சாக்குக் கிடைக்காத காலத்தில் இந்தப் பெண்கள் தங்கள் சேலைகளைத்தான் பைகளாகத் தைத்திருந்தார்கள்.

மொழிபெயர்க்க வந்த கஜரூபன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, இது உடுக்கத் தந்த சேலை. சண்டை முடிஞ்சுதெல்லோ."

"தெரியும் தம்பி." புவனமலர் கூச்சத்தோடு சிரித்தாள். "கையில வாங்கினவுடன கை தன்பாட்டில தைக்கத் தொடங்கிட்டுது. அண்டைக்கு ஷெல் விழுந்தநேரம் ஒரு மூட்டை குறைஞ்சு போச்சு, பிள்ளை இருந்த பக்கத்தில. இந்தமுறை அந்தப் பக்கம் உயர்த்தி அடுக்கியிருக்கிறன்."

அப்போது ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. இங்கிரிட் அண்ணாந்து பார்ப்பதற்குள் புவனமலர் அவள் கையைப் பிடித்துக் குழிக்குள் இழுத்துவிட்டாள்.

"அது மருந்து கொண்டு வருது அக்கா," என்று கஜரூபன் மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுடைய முழங்கால்களும் மடிந்திருந்தன.

சத்தம் தேய்ந்தது. மூச்சு வாங்க, உயர்த்தி அடுக்கிய மூட்டைகளில் இங்கிரிட் சாய்ந்தாள். புவனமலர் அவள் தோளைத் தொட்டு மெதுவாக நகர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ. பிள்ளைக்கு இடம் காணாது."

கஜரூபன் அதை மொழிபெயர்க்கவில்லை. இங்கிரிட் தள்ளி உட்கார்ந்தாள்.