காலியாக வரும் கேரியர்

"பசியைக் குறைக்குற ஹார்மோன் ஊசி நல்லா வேலை செய்யுது. எடை, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாமே இறங்கியிருக்கு. பசியும் அடங்கியிருக்குமே?" என்று கணக்கரிடம் கேட்டார் டாக்டர்.

"அடங்குறதாவது! நான் கட்டிக் கொடுக்குற கேரியர் தினமும் வழிச்சுத் துடைச்ச மாதிரி வருது டாக்டர்" என்றாள் மனைவி பெருமையாக.

கணக்கருக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் இவள் முகம் வாடிவிடுமே என்று தலை குனிந்துகொண்டார்.

வெளியே பெஞ்சில் அவருடைய அலுவலகக் காவலாளி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் தொப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"நீ எங்கப்பா இங்க?"

"பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் எகிறிடுச்சாம் சார். எனக்கும் அந்த ஊசிதானாம்" என்றவர், கணக்கரின் மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. சார் தினமும் எனக்குத் தர்ற கேரியர்ல, இனிமே எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."