ஒதுங்காத கார்

பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்காக, தானே ஓடும் பழைய கார் ஒன்று வாங்கினேன். அதன் திரை இரண்டு பழுதுகளைக் காட்டியது.

"ஏசி குளிராதுங்க. எதிர்ல கார் வந்தா, இதுவே ஒதுங்கி வழி விட்ருமுங்க. ரெண்டாவது நல்லதுதானுங்க," என்றார் மெக்கானிக் ஆரோக்கியம்.

"ஏசி கிடக்கட்டும். எங்க குடும்பத்துல எவனும் எவனுக்கும் ஒதுங்குனதில்ல. அதை உடனே சரிபண்ணுங்க," என்றேன்.

மண்டப வாசலில் ஒரு கார்தான் நுழையும். எதிர்ப்பக்கமிருந்து சம்பந்தியின் கார் வந்தது. அவரும் மானமுள்ளவர், அதே பழுதை நீக்கியிருந்தார்.

இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு நின்றன. நல்ல நேரம் முடியப் போனது. என் காரிலிருந்து பேத்தியும் அவர் காரிலிருந்து மாப்பிள்ளையும் இறங்கிப் போய், நடுவே நின்று தாங்களே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

வியர்வை வழிய, உட்கார்ந்தபடியே சம்பந்தியைக் கும்பிட்டேன். அவரும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். உள்ளே பந்தி நடக்கிறது. முதலில் யார் இறங்குவது என்பதுதான் முடிவாகவில்லை.