நீ யார் வீட்டுப் பொண்ணு?

"அப்படி ஒரு வார்த்தையே எங்க தீவுக் கேலிக் பாஷையில கெடையாதும்மா," என்றார் பெரியவர் யோவன். வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்று, மறுபடி முறுக்கியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. ஹோ-வீயன்."

"யோசிச்சா மட்டும் மொளைச்சிடுமா? உங்க கிளாஸ்கோவுல பெரிய பெரிய படிப்பாளிங்க இருக்காங்களே, கேக்குறதுதானே?"

"கேட்டேன். ஒருத்தர் நார்வேக்காரங்க விட்டுட்டுப் போன சொல்லுன்னார். இன்னொருத்தர் பழைய அயர்லாந்து ஜெபம்னார். ரெண்டு பேரும் அடிச்சுக்காத கொறைதான்."

யோவன் சிரித்தார். எஃபிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வயதில் அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டவர்களுக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. தெருவில் விளையாடுகிறவளைப் பொழுது சாய்ந்ததும் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அதன் பொருளைத் தேடித்தான் எஃபி தீவு தீவாக அலைந்துகொண்டிருந்தாள்.

"இந்த உயிஸ்ட் தீவுல எறங்கினதுலேருந்து எல்லாரும் 'நீ யார் வீட்டுப் பொண்ணு'ன்னுதான் கேக்குறாங்க. பேரைக்கூடக் கேக்கல. நான் என்னய்யா பதில் சொல்றது?"

"பஸ் வந்துடும், கெளம்பு. அதை விட்டா கப்பலும் போயிடும்," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமலே.

எஃபி மணல்மேட்டில் ஏறினாள். அந்தப் பக்கம் புல்வெளியில் ஊர் மாடுகளெல்லாம் கலந்து மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கும் அப்பால் கடல். ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வர, அம்மா கூப்பிட்டது போலவே கடலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஹோ-வீ...யன்!"

அத்தனை பெரிய மந்தையில் ஐந்து மாடுகள் மட்டும் தலையைத் தூக்கின. மற்றவை தம் பாட்டுக்கு மேய, அந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அவளிடம் நடந்து வந்தன. முதலில் வந்தது அவள் கையை நக்கியது. மூச்சை உரக்க விடக்கூடப் பயந்து நின்றாள்.

பின்னாலேயே யோவன் மேடேறி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இங்க வீட்டுக்கு வீடு மாட்டைக் கூப்புடுற கொரல் வேற. ஒரு வீட்டுக் கொரலுக்கு இன்னொரு வீட்டு மாடு திரும்பாது. எந்த அகராதியிலயும் அது இருக்காதும்மா."

"அப்போ... இதெல்லாம் யார் வீட்டு மாடுங்கய்யா?"

"என் வீட்டு மாடுதான். வயித்துப் புள்ளையோட நின்ன தங்கச்சியை வெளிய தொரத்தினவன் நான். மறைக்க எனக்கு வாய் வந்துச்சு, இந்த வாயில்லா ஜீவனுங்களுக்கு வரல, மருமகளே!"