கட்டத்துக்குள் முகம்

"பேரெல்லாம் நல்லாத் தெரியுதும்மா. முகம்தான் தெரியலை."

போனில் வயதான குரல். ஆஸ்பத்திரியின் இணையதளம் யாருக்காவது தகராறு செய்தால், அதே கட்டிடத்தின் மேல்மாடியில் உட்கார்ந்து போனிலேயே சரிசெய்து கொடுப்பது அவள் வேலை. பேசுகிறவரின் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே, கேட்டுக் கேட்டே கோளாறைப் பிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"எந்தப் பக்கத்தைத் திறந்திருக்கீங்க, சார்?"

"எலும்பு டாக்டருங்க பக்கம். படம் வரவேண்டிய இடத்துல வெறும் கட்டம் கட்டமா நிக்குது."

"எந்த டாக்டர்னு சொல்லுங்க, நானே நேரம் பதிஞ்சு தர்றேன். படம் எதுக்கு?"

"மூணாவதா ஒரு லேடி டாக்டர் இருக்காங்களே, புதுசா. அவங்க படம் தெரியணும்மா."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரியிடம் திரும்பினாள். "லேடி டாக்டர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பெரியவருக்கு எலும்பு வலிக்குமாம்."

பக்கத்து சீட்டுக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். "கட் பண்ணிடு. ஆறு நிமிஷம் தாண்டினா மேனேஜர் வந்து நிப்பார்."

கட் பண்ண அவளுக்கு மனசு வரவில்லை. ஆள் மேல் இரக்கம் ஒன்றுமில்லை. ஒரு கோளாறு தன்னிடம் வந்துவிட்டுத் தீராமல் திரும்பிப் போவது அவளுக்குப் பிடிக்காது.

"மேல வட்டமா ஒரு அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டுங்க."

"தட்டிட்டேன். சுத்துது... வந்துடுச்சு. அதே கட்டம்தான்."

"சரி, ஹிஸ்டரிக்குள்ள போய் கேஷைக் காலி பண்ணுங்க."

"கேஷா? நம்ம கேஷ் ஒண்ணும் போயிடாதேம்மா?"

"இது வேற கேஷ், சார். கம்ப்யூட்டர் சேர்த்து வச்சிருக்கிற பழைய குப்பை."

குப்பை போனது. கட்டம் போகவில்லை. பின்னால் யாரோ, "கொஞ்சம் தள்ளுப்பா, மறைக்குது" என்றது கேட்டது. இன்னொரு குரல், "வந்துடுச்சா?" என்றது.

கூட்டமாக வேறு உட்கார்ந்திருக்கிறார்களா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேற பிரவுசர் ஏதாவது இருக்கா?" குரலில் காரம் ஏறியிருந்தது.

"இது ஒண்ணுதாம்மா இருக்கு. கம்ப்யூட்டரே மத்தவங்க கழிச்சுப் போட்டது."

மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அட்ரஸ் இருக்கிற பட்டையில இடது ஓரமா ஒரு சின்னக் குறி இருக்கும். அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ் போங்க. கீழே இமேஜஸ்னு இருக்கா? அதுக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

"இங்கிலீஷும்மா. இருங்க. பி... எல்... ஓ..."

"பிளாக். அதை அலவ்னு மாத்துங்க. நெட் சீக்கிரம் தீர்ந்துபோகுதுன்னு யாரோ படத்தையெல்லாம் நிறுத்தி வச்சிருக்காங்க. இப்ப மறுபடி அந்த அம்புக்குறி."

மறுமுனையில் திடீரென்று பத்துப் பதினைந்து பேர் கைதட்டும் சத்தம்.

"வந்துடுச்சும்மா" என்றார் அவர், மிக மெதுவாக.

"ஆசை தீரப் பார்த்தாச்சா, சார்? இப்பவாவது நேரம் பதியலாமா?"

குத்தல் அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைம்மா. அது என் பொண்ணு. திங்கட்கிழமை இங்க டாக்டரா சேர்றா. இன்னைக்குத்தான் படம் போட்டிருக்காங்கன்னு சொன்னா. கூட வேலை பார்க்கிறவங்க எல்லாரும் பார்த்தே ஆகணும்னு நின்னாங்க. வெறும் கட்டத்தைக் காட்டி, இதுதான் என் பொண்ணுன்னு எப்படிம்மா சொல்றது?"

அவள் பக்கத்து சீட்டின் பக்கம் திரும்பவே இல்லை. காதெல்லாம் சுட்டது.

"நீங்க எங்கே வேலை பார்க்கிறீங்க, ஐயா?"

"இதே ஆஸ்பத்திரியிலதாம்மா, லிஃப்ட் ஓட்டுறேன். நாலு வருஷமா காலையில ஏறினதும் 'அஞ்சு'ன்னு சொல்வீங்களே, போனை எடுத்ததுமே குரல் தெரிஞ்சுடுச்சு. 'நம்ம அஞ்சாவது மாடி அம்மாதான் பேசுறாங்க, எத்தனை நேரமானாலும் விட மாட்டாங்க, சரி பண்ணிக் குடுத்துடுவாங்க'ன்னு இங்க எல்லார்கிட்டயும் அப்பவே பெருமையாச் சொல்லிட்டேன்."