மூன்றாவது தூண்

"மூணாவது தூண்ல விரிசல்னு தெரிஞ்சும் ஆறு வருஷமா அந்தப் பாலத்தை ஏன் மூடலை? பதில் சொல்லுங்க மேயர் அவர்களே!"

"இன்னும் எத்தனை தடவைய்யா இதையே கேப்பீங்க?" கையிலிருந்த காகிதங்களை மேயர் விசிறி அடித்தார். அவை துணி தேய்க்கும் மேசையில் விழுந்து சரிந்தன. ஒரு வாரமாக அந்த வீட்டுக் கூடத்தில் அதுதான் விவாத மேடை.

எதிரே நின்ற தேர்தல் ஆலோசகர் அசையவில்லை. "நான் இப்ப உங்க ஆளு இல்லை சார். உங்களை எதிர்த்து நிக்கிற வேட்பாளர். நீங்க கத்தினா ஓட்டு எனக்குத்தான். மறுபடியும் முதல்லேருந்து."

ஒத்திகையில் எதிராளியாக நடிப்பது அவருடைய பாணி. ஐந்து வருஷத்தில் ஆறு தேர்தல், ஆறிலும் வெற்றி. அதற்குமுன் ஏதோ அரசாங்க வேலையில் இருபது வருஷம் இருந்தாராம். எங்கே, என்ன வேலை என்றெல்லாம் மேயர் கேட்கவில்லை. ஆறுக்கு ஆறு என்று கேட்டதுமே ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்.

"பூங்காவைப் பத்திக் கேளுங்க, பஸ் நிலையத்தைப் பத்திக் கேளுங்க. எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இந்தப் பாலத்தையே கட்டிக்கிட்டு அழறீங்களே!"

"பூங்காவால யாரும் தோத்ததில்லை சார்."

சோபாவில் கசங்கிய துணிகளை மடித்துக்கொண்டிருந்த மேயரின் மனைவி பெருமூச்சு விட்டாள். "தூக்கத்துலகூட தூண், தூண்ங்கறார் அண்ணே. நேத்து என்னை எழுப்பி உட்கார வெச்சு, 'வாக்காளப் பெருமக்களே'ன்னார். அந்த மேசையை எப்பத்தான் விடுவீங்க? ஒரு வாரத் துணி கிடக்கு."

"நீ கொஞ்சம் சும்மா இரு!"

"நான் சும்மாதான் இருக்கேன். நிக்கறது நீங்கதானே."

மேயர் பல்லைக் கடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படி ஓர் அறிக்கை என் பார்வைக்கு வரவே இல்லை..."

"காது சிவக்குது. டிவியில பளிச்சுனு தெரியும். அடுத்தது."

"அது அதிகாரிகள் செஞ்ச தவறு..."

"அதிகாரிகளுக்கும் ஓட்டு இருக்கு. அவங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும் இருக்கு. அடுத்தது."

"பாலம் கல்லு மாதிரி இருக்கு!"

"அப்ப உங்க பொண்ணைத் தினம் அந்தப் பாலத்து வழியா காலேஜுக்கு அனுப்புவீங்களா?"

மேயர் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கைகள் நின்றன.

"ஏங்க, அந்த வழியா போகாதேன்னு அவகிட்ட நீங்கதானே சொன்னீங்க? நெரிசலா இருக்கும்னு சொன்னீங்களே... அதுக்கா?"

மனைவி பக்கம் மேயர் திரும்பவில்லை. ஆலோசகர்மேல் பாய்ந்தார். "அந்த அறிக்கை என் அலமாரியில பூட்டிக் கிடக்கு. என்னை எதிர்த்து நிக்கறவனுக்கு அது எப்படிய்யா தெரிஞ்சுது?"

"அதுல என்ன இருக்குன்னு வரி வரியாத் தெரிஞ்ச ஆள் வெளியில இருக்கார் சார். நாளைக்கு மேடையில அந்தப் பேச்சு வரும். அது மட்டும் நிச்சயம்."

மேயர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். வாக்குப்பதிவுக்கு இன்னும் எட்டே நாள். கருத்துக்கணிப்பில் இரண்டு சதவீதம்தான் முன்னிலை. ஒரு கேள்வி அதைத் துடைத்துப் போட்டுவிடும்.

"என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"அவர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. அறிக்கை வந்துது, மூடி வெச்சது என் தப்பு, பாலத்தை உடனே மூட உத்தரவு போட்டுட்டேன். அவ்வளவுதான். கேள்வி புஸ்ஸுனு போயிடும்."

"ஊரே பார்க்கும்போது தப்புன்னு சொல்லணுமா? மானம் போகுமே!"

"அவர் கேட்டு நீங்க முழிச்சா, மானமும் போகும், பதவியும் போகும். உத்தரவை இப்பவே போட்டு அனுப்பிடுங்க. நகலை மேடையில தூக்கிக் காட்டணும். ம், முதல்லேருந்து."

அன்று மேயர் அந்த மூன்று வரியை இருபத்து மூன்று தடவை சொன்னார். இருபத்து நாலாவது தடவை சொல்ல வந்தபோது, மனைவி காகிதங்களை அள்ளிக் கீழே வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் செருகினாள்.

மறுநாள் மாலை, தொலைக்காட்சி நிலையத்தில் விளக்குகள் எரிந்தன. "முதல் இரண்டு நிமிடம் மேயருக்கு" என்றார் நிகழ்ச்சி நெறியாளர். மேயர் தண்ணீர் குடித்தார். எதிராளியை ஒரு முறை முறைத்தார். பிறகு ஒரே மூச்சில் தூண், விரிசல், அறிக்கை, அலமாரி, தன் தப்பு என்று எல்லாவற்றையும் கொட்டி, உத்தரவின் நகலை உயர்த்திக் காட்டிவிட்டு வெற்றிப் புன்னகையோடு நின்றார்.

எதிர்த்தரப்பு வேட்பாளர் தன் குறிப்புச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பாலம்? என்ன அறிக்கை?" என்றார் அவர், நிஜமான குழப்பத்துடன். "நான் குப்பை வரியைப் பத்திக் கேக்கலாம்னு வந்தேன்!"

விளம்பர இடைவேளை வந்ததுதான் தாமதம், மேயர் வெளியே பாய்ந்தார். நடைவழியில் ஆலோசகர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் தடுப்பு வெச்சாச்சா? ஒரு வண்டிகூட போகலையே? நல்லது."

"யோவ்! அவனுக்கு ஒரு மண்ணும் தெரியலையே! வரி வரியாத் தெரிஞ்ச ஆளுன்னீரே, யாருய்யா அது?"

ஆலோசகர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அறிக்கையோட கடைசிப் பக்கம்வரைக்கும் படிச்சிருந்தா, கீழே என் கையெழுத்தைப் பார்த்திருப்பீங்க. பொறியாளர் சொன்னதை நீங்க கேக்கலை சார். யார் சொன்னா கேப்பீங்கன்னு பார்த்து, அந்த வேலையைக் கத்துக்கிட்டு உங்க வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."